அந்தி சாய்வதற்குள் கூலி

அறந்தாங்கிப் பக்கத்தில் எங்கள் பாட்டி வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. எழுதி வைத்த சட்டம் அல்ல. பாட்டியின் வாய்ச் சட்டம். அறுவடைக் காலத்தில் களத்தில் வேலை செய்தவர்களுக்கு விளக்கு வைப்பதற்கு முன்பே கூலி நெல்லை அளந்து போட்டுவிட வேண்டும். தாத்தாவுக்கு இதில் அவ்வளவு அவசரம் கிடையாது. "நாளைக்குச் சேர்த்து அளந்தால் போகிறது" என்பார். பாட்டி மரக்காலை எடுத்துக்கொண்டு தானே களத்துமேட்டுக்குக் கிளம்பிவிடுவாள். "நாளைக்கு நீங்கள் சாப்பிடுகிறதாக இருந்தால் அவர்களும் நாளைக்குச் சாப்பிடட்டும்" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போவாள். தாத்தா பேசாமல் பின்னாலேயே போய் விடுவார்.

பாட்டி கிறிஸ்தவள் அல்ல. வெள்ளிக்கிழமை தவறாமல் கோவிலுக்குப் போய் வந்தவள். என்றாலும், கிறிஸ்தவ வாழ்க்கையில் தயவுக்கு உள்ள இடத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று உட்கார்ந்தவுடன் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்த மரக்கால்தான். காரணம் இருக்கிறது. மோசேயின் நியாயப் பிரமாணத்தில் அப்படியே ஒரு கட்டளை உண்டு. ஏழைக் கூலியாளுக்கு உரியதை அன்றைக்கே, பொழுது சாய்வதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். ஏனென்றால் அவன் அதையே நம்பி இருக்கிறான் என்று உபாகமம் காரணத்தோடு சொல்கிறது. பாட்டிக்கு உபாகமம் தெரியாது. ஆனால் காரணம் தெரிந்திருந்தது!

தயவு என்றதும் நமக்கெல்லாம் என்ன தோன்றுகிறது? கண்களில் நீர் தளும்ப, கனிந்த குரலில், "ஐயோ பாவம்!" என்று சொல்லும் ஒரு முகம் தோன்றுகிறது. சினிமாவிலும் தொடர்கதையிலும் அப்படித்தான் காட்டுகிறார்கள். பவுல் அப்போஸ்தலர் கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தில் ஆவியின் கனி என்று ஒன்பது குணங்களை வரிசையாகச் சொல்கிறார் அல்லவா? அன்பு, சந்தோஷம் என்று தொடங்கும் அந்த வரிசையில் தயவும் ஒன்று. அங்கே அவர் எழுதிய கிரேக்கச் சொல் 'கிறேஸ்டோடெஸ்'. நன்றாகப் பயன்படுகிற பாத்திரத்தையும், நாள்பட்டு இனித்துப்போன திராட்சை ரசத்தையும் கூடக் கிரேக்கர்கள் அந்தச் சொல்லின் குடும்பத்தைச் சேர்ந்த சொல்லால்தான் சொன்னார்கள். உபயோகமான நல்லதனம் என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 'கிறேஸ்டோஸ்' என்றால் தயவுள்ளவன். 'கிறிஸ்டோஸ்' என்றால் அபிஷேகம் பெற்றவர். ரோமாபுரியில் இருந்தவர்களுக்கு இந்த இரண்டும் ஒன்றாகவே காதில் விழுந்தன. சரித்திரம் எழுதிய சுவெட்டோனியஸ் 'கிறேஸ்டஸ்' என்று ஒரு பெயரை எழுதி வைத்திருக்கிறார். அது கிறிஸ்துவின் பெயரைத்தான் பிசகாக எழுதியது என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். ஆப்பிரிக்காவில் இருந்த தெர்த்துல்லியன் என்ற கிறிஸ்தவ ஆசிரியர், "எங்கள் பெயரைத் தப்பாகச் சொல்லும்போது கூட நீங்கள் எங்களைத் தயவுள்ளவர்கள் என்றல்லவா சொல்கிறீர்கள்?" என்ற கருத்தில் எதிராளிகளை மடக்கினாராம். பெயர் தப்பாகிப் போனாலும் பொருத்தமாகவே தப்பாகி இருக்கிறது. பொருத்தத்துக்கு ஏற்றபடி நடந்தவர்கள் எத்தனை பேர் என்பது வேறு விஷயம்.

நடந்த ஒருவரைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

புதுக்கோட்டை மாவட்டம் 1974-ஆம் வருஷம் பிறந்தது. திருச்சி மாவட்டத்தில் கொஞ்சமும் தஞ்சாவூர் மாவட்டத்தில் கொஞ்சமும் பிரித்துச் சேர்த்து உண்டாக்கினார்கள். பழைய தொண்டைமான் சமஸ்தானம் திருச்சிப் பக்கத்திலிருந்து வந்தது. அறந்தாங்கி, கந்தர்வகோட்டை முதலிய ஊர்கள் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தன. ஆகையால் இந்த மாவட்டத்துக்குள்ளேயே கிறிஸ்தவ சரித்திரமும் இரண்டு திசைகளிலிருந்து வந்து சேர்கிறது. விராலிமலைப் பக்கம் ஆவூரில் பெரியநாயகி மாதா கோவில் இருக்கிறது. இத்தாலியிலிருந்து வந்து தமிழ்ப் புலவராகவே மாறிப் போன வீரமாமுனிவர் தங்கிப் பணி செய்த ஊர் அது. ஈஸ்டர் சமயத்தில் அங்கே தேர் ஓடும். வடத்தைப் பிடிப்பவர்களில் யார் எந்த மதம் என்று கேட்டால் கேட்கிறவர்தான் வெட்கப்பட வேண்டும். இந்துக்களும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் சேர்ந்தே இழுக்கிறார்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தவர் ஆவூர்க்காரர் அல்ல. நம் மாவட்டத்துக்கு மேற்கே திருச்சியிலும், வடகிழக்கே தஞ்சாவூரிலும் வாழ்ந்த ஒரு ஜெர்மன் பாதிரியார். இன்றைய அறந்தாங்கிப் பகுதி தஞ்சை ராஜ்யமாக இருந்த காலத்தில் அந்த ராஜ்யத்தின் குடியானவர்கள் ராஜாவின் வார்த்தையையும் நம்பாமல், கும்பினியாரின் வார்த்தையையும் நம்பாமல், இவருடைய வார்த்தையை மட்டும் நம்பினார்கள். பெயர் கிறிஸ்டியன் பிரெடரிக் சுவார்ட்ஸ். தமிழ்க் கிறிஸ்தவர்கள் 'சுவார்ட்ஸ் ஐயர்' என்று சொல்வார்கள்.

1726-இல் பிரஷ்யா தேசத்தில் சோனன்பர்க் என்ற சிற்றூரில் பிறந்தவர். தாயாரை நினைவு தெரிவதற்கு முன்பே இழந்துவிட்டார். ஹாலே நகரத்துச் சர்வகலாசாலையில் படிக்கும்போது தமிழ் வேதாகமத்தை அச்சிடும் வேலைக்கு உதவி செய்வதற்காகத் தமிழ் கற்றுக்கொண்டார். கற்றவருக்குத் தமிழ்நாட்டைப் பார்க்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. சொத்தில் தமக்குச் சேர வேண்டிய பங்கைக் கூடப் பிறந்தவர்களுக்கே விட்டுக் கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறினார். 1750-இல் வந்து இறங்கிய நாலு மாதத்துக்குள் தரங்கம்பாடிக் கோவிலில் தமிழிலேயே பிரசங்கம் செய்தாராம். நம் வீட்டுப் பிள்ளைகள் நாலு வருஷம் கான்வென்டில் படித்துவிட்டுத் தமிழில் ஒரு கடிதம் எழுதத் தவிக்கிறார்களே, அதை நினைத்துக்கொண்டேன்! பிற்பாடு பாரசீகம், மராத்தி, இந்துஸ்தானி, போர்த்துகீசியம் எல்லாம் அவரிடம் வந்து சேர்ந்தன.

1762 வாக்கில் திருச்சிக்கு வந்தார். அங்கே அவர் வாழ்ந்த விதத்தை நேரில் பார்த்த ஓர் ஆங்கிலேயர் எழுதி வைத்திருக்கிறார். ஒரு பழைய கட்டடத்தில், கட்டிலும் ஆளும் கொள்ளும் அளவுக்கு ஓர் அறை. வருஷ வருமானம் 48 பவுன். ஆகாரம் நம் ஊர் முறைப்படி வேக வைத்த சோறும் கறிகாயும். உடுப்பு, கறுப்புச் சாயம் தோய்த்த சாதாரணப் பருத்தித் துணி. இவ்வளவுதான் குடித்தனம். கலியாணம் செய்துகொள்ளவே இல்லை.

1763-இல் திருச்சியில் வெடிமருந்துக் கிடங்கு ஒன்று வெடித்துப் பலர் மாண்டார்கள். பெற்றோரை இழந்த குழந்தைகள் தெருவில் நின்றன. கோட்டைச் சோல்ஜர்களின் பிள்ளைகள் அவை. யாருக்கும் உரிமைப்படாத பிள்ளைகள். சுவார்ட்ஸ் அவர்களைச் சேர்த்து வைத்துப் பள்ளிக்கூடம் நடத்தலானார். அடுத்த வருஷம் மதுரை முற்றுகையில் காயம் பட்டவர்களுக்குப் பணிவிடை செய்யப் போனார். அதைக் கேள்விப்பட்ட ஆற்காட்டு நவாப் முகமது அலி அவருக்கு 300 வராகன் வெகுமதி கொடுத்தார். அந்தப் பணமும் அநாதைப் பிள்ளைகளுக்கே போயிற்று. அவருடைய கைக்கு வந்த வெகுமதிகள் எல்லாவற்றுக்கும் இந்த ஒரே பழக்கம் இருந்தது. கையில் தங்குவதே இல்லை.

பெரிய உதாரணம் ஹைதர் அலி கொடுத்த பை. 1779-இல் சென்னைக் கவர்னர், ஹைதரின் எண்ணம் என்ன என்று தெரிந்து வருவதற்குச் சுவார்ட்ஸை ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அனுப்பினார். கும்பினி அதிகாரிகளில் ஒருவரையும் நம்பாத ஹைதர், இந்தப் பாதிரியாரை மட்டும் வரவேற்றுப் பேசினார். திரும்பும்போது வழிச் செலவுக்கு என்று 300 ரூபாய் கொண்ட பை ஒன்றைக் கொடுத்தார். வேண்டாம் என்றாலும் விடவில்லை. சுவார்ட்ஸ் அதைச் சென்னையில் சர்க்காரிடம் ஒப்படைத்தார். அவர்கள், "நீங்களே வைத்துக்கொள்ளலாம்" என்றார்கள். சரி என்று வாங்கி, தஞ்சாவூரில் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு முதலாகப் போட்டுவிட்டார்.

தூது பலிக்கவில்லை. 1780-இல் ஹைதரின் படை கர்நாடகத்துக்குள் வெள்ளம் மாதிரி இறங்கியது. தஞ்சை நாட்டில் வாய்க்கால்கள் உடைந்தன, பயிர் போயிற்று, மாடுகள் போயின, ஜனங்கள் கோட்டையை நோக்கி ஓடி வந்தார்கள். பஞ்சம் வந்தது. அந்தச் சமயத்திலும் ஹைதர் தம் படைத் தலைவர்களுக்கு ஓர் உத்தரவு போட்டிருந்தாராம்: அந்தப் பாதிரியாரை யாரும் தொடக்கூடாது, போகிற இடத்துக்குப் போக விட வேண்டும் என்று. இரண்டு படைகளுக்கும் நடுவே அவர் ஒருவர் மட்டும் தாராளமாக நடமாடினார்.

இனிமேல்தான் கதையின் முக்கியமான கட்டம்.

தஞ்சைக் கோட்டைக்குள் சிப்பாய்கள் இருக்கிறார்கள், நெல் இல்லை. நாட்டுப்புறத்தில் நெல் இருக்கிறது. கொண்டுவர மாடு இல்லை. மாடு வைத்திருக்கிறவர்கள் கோட்டைப் பக்கமே தலை காட்ட மறுக்கிறார்கள். ஏன்? முன்னால் பல தடவை கொண்டுவந்து கொடுத்தார்கள். பணம் கொடுக்கவில்லை. ராஜாவின் ஆட்கள், "அப்புறம் பார்க்கலாம்" என்றார்கள். கும்பினியின் ஆட்களும் அதையே இங்கிலீஷில் சொன்னார்கள். பயமுறுத்திப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. சிப்பாய்கள் பசியால் சாகத் தொடங்கினார்கள்.

கடைசியில் துளஜா மகாராஜாவே மனம் திறந்து ஒரு வார்த்தை சொன்னார் என்று சுவார்ட்ஸ் பிற்காலத்தில் எழுதிய கடிதத்திலிருந்து தெரிகிறது. நானும் நம்பிக்கை இழந்தேன், நீங்களும் நம்பிக்கை இழந்தீர்கள், இந்தப் பாதிரியாரையாவது ஜனங்கள் நம்புகிறார்களா என்று பார்க்கலாம் என்ற அர்த்தத்தில் சொன்னாராம். ஒரு ராஜா வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வருவது லேசான காரியமா?

சுவார்ட்ஸ் கிராமங்களுக்கு ஓலை அனுப்பினார். நெல்லுக்கும் மாட்டுக்கும் உரிய பணத்தைத் தம் கையாலேயே கொடுப்பதாக எழுதினார். இரண்டு நாளைக்குள் ஆயிரம் மாடுகள் வந்து சேர்ந்தன. கோட்டைக்குள் வந்த தானியம் 80,000 கலம். ஒரு கலத்துக்குப் பன்னிரண்டு மரக்கால் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கணக்குச் சொல்வார்கள், பெருக்கிப் பாருங்கள். கோட்டை பிழைத்தது. சிப்பாய்களும் பிழைத்தார்கள், தஞ்சமென்று வந்த ஜனங்களும் பிழைத்தார்கள்.

அந்த மாட்டுக்காரர்களுக்கு என்ன ஆயிற்று? கடைசி ஆள் வரைக்கும் பணம் பட்டுவாடா ஆகிவிட்டது. மேற்கொண்டு ஒரு சிறிய வெகுமதியும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார். அவர்களைப் பார்த்து அவர் என்ன இனிய மொழிகள் சொன்னார் என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. பணம் கொடுத்தார் என்பதைத்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்கு அது மிகவும் பிடித்திருக்கிறது.

நல்ல சமாரியன் கதையை ஞாயிற்றுக்கிழமைப் பாடத்தில் கேட்டவர்களுக்குத் தெரியும். அடிபட்டுக் கிடந்தவனின் காயங்களைக் கட்டிய பிறகு, அவனைத் தன் வாகனத்தில் ஏற்றிச் சத்திரத்தில் சேர்த்து, சத்திரக்காரனிடம் இரண்டு வெள்ளிக்காசு கொடுத்து, மேலே செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்கிறான் அல்லவா? படம் வரைகிறவர்கள் எல்லோரும் காயம் கட்டும் காட்சியைத்தான் வரைகிறார்கள். அந்த இரண்டு வெள்ளிக்காசையும் சத்திரக்காரனின் கணக்கையும் யாரும் வரைவதில்லை. அதுவும் தயவில் பாதி அல்லவோ?

யுத்தம் ஓய்ந்த பிறகும் தஞ்சை நாட்டுக்கு விமோசனம் வரவில்லை. வரி வசூல் செய்தவர்களின் கொடுமை தாங்காமல் குடியானவர்கள் ஊரை விட்டே போய்விட்டார்கள். நிலம் தரிசாகக் கிடந்தது. ராஜா வாக்குக் கொடுத்தார், ஒருவரும் திரும்பவில்லை. மறுபடியும் சுவார்ட்ஸைக் கூப்பிட்டார்கள். அவர் எழுதியனுப்பினார். ஒரே நாளில் 7,000 பேர் திரும்பி வந்தார்கள். மற்றவர்களும் பின்னாலேயே வந்தார்கள். பருவம் தப்பிப்போய்க் கொண்டிருந்தது. சீக்கிரம் உழுது விதைக்க வேண்டுமே என்று அவர் கவலைப்பட்டபோது குடியானவர்கள், "நீங்கள் எங்களுக்குத் தயவு காட்டினீர்கள், இரவு பகலாக வேலை செய்து அதற்குப் பதில் காட்டுகிறோம்" என்ற கருத்தில் பதில் சொன்னார்களாம். இந்த 7,000 பேரில் அறந்தாங்கிச் சீமைக்காரர்கள் எத்தனை பேர் இருந்தார்களோ! என் பாட்டியின் பாட்டிக்குப் பாட்டனார் ஒருவர் அதில் இருந்திருக்கலாம் என்று நானாக நினைத்துச் சந்தோஷப்பட்டுக் கொள்வதுண்டு. ஆதாரம் கேட்காதீர்கள்.

இவரைத் தெய்வப் பிறவியாக்கிவிடக் கூடாது என்றும் எனக்குத் தோன்றுகிறது. சுவார்ட்ஸ் கும்பினியிடம் சம்பளம் வாங்கிய குருவானவர். அவர் கொடுத்த வாக்கின் பலத்தில் கும்பினியும் தன் காரியத்தைச் சாதித்துக்கொண்டது. ஹைதரிடம் அவர் சமாதானம் பேசிக்கொண்டிருந்தபோது அவரை அனுப்பியவர்களின் மனத்தில் சமாதானமா இருந்தது என்று சந்தேகப்பட இடம் உண்டு. அவருடைய சபையில் சாதி பார்த்துத் தனித்தனியாக உட்கார்ந்தார்கள். காலக்கிரமத்தில் தானாக மாறும் என்று அவர் பொறுத்துக்கொண்டார். பொறுமை நல்ல குணந்தான். ஆனால் அந்தப் பொறுமையின் செலவைக் கடைசி வரிசையில் உட்கார்ந்தவர்கள் அல்லவா கொடுத்தார்கள்? அவர்கள் விஷயத்தில் கூலி அன்று சாயங்காலமே கிடைக்கவில்லை. அவருக்குப் பின் வெகு காலம் வரையிலும் கிடைக்கவில்லை.

சரபோஜி மன்னரின் விஷயத்திலும் சுவார்ட்ஸ் ஒரு பெரிய தவறு செய்தார். அதை அவர் திருத்திக்கொண்ட விதந்தான் இந்தக் கதையிலேயே மிகவும் உருக்கமானது.

துளஜா மகாராஜாவுக்கு அடுத்தடுத்துப் பிள்ளைகள் மாண்டு போய்விட்டார்கள். 1787-இல் மரணப் படுக்கையில் இருந்தபோது பங்காளி வம்சத்திலிருந்து பத்து வயதுப் பையன் ஒருவனைச் சுவீகாரம் எடுத்துக்கொண்டார். அவன்தான் சரபோஜி. பாதிரியாரைக் கூப்பிட்டு, இனிமேல் இவன் உங்கள் பிள்ளை, நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பையனை ஒப்படைத்தார். ஒரு சைவ அரசர், வெளிநாட்டுக் கிறிஸ்தவக் குருவிடம், தம் வாரிசை! சுவார்ட்ஸ் தயங்கினார். ராஜ்ய பாரமும் அரண்மனைச் சூழ்ச்சியும் தமக்கு வேண்டாம் என்று நினைத்தார். துளஜாவின் தம்பி அமர்சிங்கைக் காப்பாளராக வைக்கலாம் என்று யோசனை சொன்னார். ராஜாவும் ஒப்புக்கொண்டார்.

நினைத்தது ஒன்று, நடந்தது ஒன்று. அமர்சிங் காப்பாளராக நிற்கவில்லை. சுவீகாரம் செல்லாது என்று சொல்லித் தாமே அரசரானார். பையனை இருட்டறையில் வைத்துப் பூட்டினார்கள். பகலிலும் விளக்கு வெளிச்சந்தான். எழுத்துச் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. விளையாடத் துணை இல்லை. பத்து, பன்னிரண்டு வயதுக் குழந்தை! தாய்மார்கள் இதைப் படித்துவிட்டு ஒரு நிமிஷம் கண்ணை மூடி நினைத்துப் பார்த்தால் போதும். நான் வர்ணிக்க வேண்டியதில்லை.

"நான் என்ன செய்வேன், நல்லெண்ணத்தோடுதான் சொன்னேன்" என்று சுவார்ட்ஸ் ஒதுங்கியிருக்கலாம். நம்மில் பலர் அப்படித்தான் ஒதுங்குவோம். அவர் அப்போது அறுபதைத் தாண்டியவர். சென்னைக்கு எழுதினார், மறுபடி எழுதினார், பதில் வரும் வரைக்கும் எழுதினார். பையனைக் காவலிலிருந்து விடுவித்துப் படிப்புக்கு ஏற்பாடு செய்ய வைத்தார். அப்படியும் தொல்லை ஓயாததால், 1793-இல் சரபோஜியையும் துளஜாவின் விதவை ராணிகளையும் சென்னைக்கே அழைத்துச் செல்ல ஏற்பாடு செய்து, தாமும் கூடவே போனார். பிற்பாடு சுவீகாரம் சாஸ்திரப்படி செல்லும் என்று பண்டிதர்களின் அபிப்பிராயமும் வந்தது.

1798, பிப்ரவரி 13-ஆம் தேதி சுவார்ட்ஸ் தஞ்சாவூரில் காலமானார். அடக்கத்துக்குச் சரபோஜி வந்தார். இருபது வயது இளைஞர். முகத்தைக் கடைசியாக ஒரு தடவை பார்த்துக் கண்ணீர் விட்டு அழுது, உடலின் மேல் பொன்னாடை போர்த்திவிட்டுச் சமாதி வரைக்கும் கூடவே நடந்தார். அதே வருஷத்தில், சில மாதங்களில், அவருக்குப் பட்டம் கிடைத்தது. பாதிரியார் அதைப் பார்க்கவில்லை. பட்டம் கொடுத்த கும்பினியார் மறு வருஷமே ஓர் உடன்படிக்கை எழுதி வாங்கி ராஜ்யத்தை எடுத்துக்கொண்டு, கோட்டையை மட்டும் சரபோஜிக்கு விட்டார்கள் என்பதையும் சொல்லி வைக்கிறேன். கும்பினியாரின் தயவு அந்த ரகம்!

சரபோஜி கிறிஸ்தவராகவில்லை. கடைசி வரைக்கும் தம் குலதெய்வத்தையும் பெருவுடையாரையும் வணங்கிய இந்துவாகவே இருந்தார்; காசி யாத்திரையும் போய் வந்தார். ஆனால் தகப்பனுக்குச் செய்வது போலச் சுவார்ட்ஸுக்கு ஞாபகச் சின்னம் செய்தார். லண்டனில் ஜான் ஃபிளாக்ஸ்மன் என்ற புகழ் பெற்ற சிற்பியைக் கொண்டு சலவைக் கல்லில் ஒரு காட்சி செதுக்கச் செய்தார். தஞ்சாவூரில் சிவகங்கைக் குளத்துக்குப் பக்கத்தில் உள்ள கிறிஸ்து நாதர் ஆலயத்தில் இன்றைக்கும் அதைப் பார்க்கலாம். பாதிரியார் படுக்கையில் கிடக்கிறார். சரபோஜி அவர் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கட்டிலருகில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மூன்று பேர். சமாதிக் கல்லுக்கு ஆங்கிலத்தில் தாமே பாட்டு இயற்றியும் கொடுத்தார் சரபோஜி. கண்ணந்தங்குடியில் ஏழைக் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டுப் படிக்க வைக்கவும் மானியம் ஏற்படுத்தினார்.

சரஸ்வதி மகால் புத்தகசாலை அவரால் பெருகியது எல்லோருக்கும் தெரியும். தன்வந்திரி மகால் என்ற வைத்தியசாலை நடத்தினார். கண் வியாதிக்காரர்களுக்குச் சிகிச்சை நடந்த விவரங்களைப் படத்தோடு எழுதிய ஏடுகளைக் கூடப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்கள். ராமேசுவர யாத்திரைச் சாலையில் அவருடைய வம்சத்தார் கட்டிய சத்திரங்கள் வரிசையாக இருந்தன. மணமேல்குடியிலும் மீமிசலிலும் இருந்தவை இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்துக்குள் வருகின்றன. ஒரத்தநாட்டில் சரபோஜியே கட்டிய முக்தாம்பாள் சத்திரம் அவற்றில் பெரியது.

இந்தச் சத்திரங்களைப் பற்றி 1801-இல் அவர் கும்பினி அதிகாரிக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். ராஜ்யம் போனாலும் சத்திரங்கள் போய்விடக் கூடாது என்பது அதன் சாரம். வருகிறவர்கள் எந்தச் சாதியாக இருந்தாலும் சோறு உண்டு. நோயாளிக்கு மருந்து உண்டு. வழியில் பெற்றோரை இழந்த குழந்தைகளை வளர்த்துப் படிக்க வைப்பதுண்டு. பிரசவத்துக்கு நெருங்கிய பெண்களுக்கு வேண்டிய பராமரிப்பு உண்டு என்றெல்லாம் அதில் விவரமாக எழுதியிருக்கிறார். இருட்டறையில் பூட்டப்பட்டிருந்த பையன், வழிப்போக்குக் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் என்னென்ன வேண்டும் என்று பட்டியல் போடுகிறான் பாருங்கள். சத்திர தர்மம் அவருடைய முன்னோர் சொத்துத்தான்; பாதிரியாரிடம் கற்றுக்கொண்டது என்று சொல்லிவிட முடியாது. இரண்டும் அவரிடம் கலந்தே இருந்தன. ஆவூர்த் தேர் வடத்தில் எது யாருடைய கை என்று பிரிக்க முடியாதது போலத்தான்.

சிவகங்கைக் குளத்துப் பக்கம் அந்த ஆலயத்துக்கு நானும் ஒரு தடவை போயிருக்கிறேன். சலவைக் கல்லை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வருகிறவர்கள் எல்லோரும் ராஜாவைப் பார்க்கிறார்கள்; அவருடைய தலைப்பாகையைப் பார்க்கிறார்கள். கட்டிலருகில் நிற்கிற மூன்று பிள்ளைகளையே எனக்குப் பார்க்கத் தோன்றியது. கல்லில் செதுக்குவதற்கு அந்த ராஜா யாரை வேண்டுமானாலும் சேர்த்திருக்கலாம். ஹைதர் அலி வரவேற்றதைச் செதுக்கியிருக்கலாம். ஆயிரம் மாடுகள் கோட்டைக்குள் நுழைவதைச் செதுக்கியிருந்தால் எவ்வளவு விசேஷமாக இருந்திருக்கும்! பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளே போதும் என்று விட்டிருக்கிறார்கள்.

ஊருக்குத் திரும்பி வந்து இதையெல்லாம் எழுதத் தொடங்கினேன். ஐந்து நாளாக எழுதுகிறேன். இன்று காலையில் எங்கள் வீட்டு வேலைக்கு வரும் அம்மாள் பாத்திரம் கழுவி முடித்த பிறகும் போகாமல் கொல்லைப்புறத்தில் நின்றாள். புடவைத் தலைப்பை முடிவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள்.

"என்ன வேணும், பார்வை ஒரு மாதிரியா இருக்கே?" என்றேன்.

"ஒண்ணுமில்லேம்மா. நீங்க எழுதிக்கிட்டிருக்கீங்க. அப்புறமா வரேன்."

"சும்மா சொல்லு."

"இல்லேம்மா... இன்னிக்குத் தேதி அஞ்சு. பிள்ளைக்குப் பஸ் பாஸுக்குக் கட்டணும். அதான்..."

ஒன்றாம் தேதி கொடுக்க வேண்டிய சம்பளம். ஐந்து நாளாகத் தயவைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிற மும்முரத்தில் எனக்கு மறந்தே போய்விட்டது! அவள் கேட்காமல் ஐந்து நாள் பொறுத்திருக்கிறாள். பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பணப் பையைத் தேடினேன். வழக்கம்போல அது வைத்த இடத்தில் இல்லை.

"மெதுவா எடுங்கம்மா, அவசரமில்லே" என்றாள் அவள், வாசற்படியில் உட்கார்ந்துகொண்டே.